படுதாவுக்குக் கீழே கால்

2006 செப்டம்பர் 18, திங்கள்

மில்லிலிருந்து வரவேண்டிய லோடு இன்றும் வரவில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளுக்கு ஆர்ட் பேப்பர் கேட்டு பிரஸ்காரர்கள் மாற்றி மாற்றி போன் அடிக்கிறார்கள். நான் பேப்பர் விற்கிறவன், பேப்பர் செய்கிறவன் இல்லை என்பது சிவகாசியில் ஒருத்தருக்கும் புரிவதில்லை.

சாயங்காலம் டாக்டரிடம் போனேன், தனியாகத்தான். காலில் எரிச்சல், எந்நேரமும் அலுப்பு என்று சொன்னால் சர்க்கரை என்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "பாய், இந்த வருஷம் நோன்பு வேண்டாம். இந்த மாத்திரையோட வெறும் வயித்துல இருந்தீங்கன்னா மயங்கி விழுந்துருவீங்க" என்றார். மிட்டாய் வேண்டாம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒன்பது வயதில் நோன்பு பிடிக்க ஆரம்பித்தவன் நான். அம்மை போட்ட வருஷம் தவிர விட்டதில்லை. இப்போது ஐம்பத்து நான்கு.

வீட்டில் கைருன்னிசா என்ன மாத்திரை என்று கேட்டாள். பிரஷருக்கு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

செப்டம்பர் 24, ஞாயிறு

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற கஞ்சிப் பொறுப்பு இந்த வருஷமும் என் தலையில். "நூகு பாய் பாத்துக்கிடுவாரு, நமக்கென்ன கவலை" என்று ஜமாத்தில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அரிசி, பயறு, தேங்காய், விறகு, சமையல்காரர் எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். சரி, பார்ப்போம். ஆனால் ஊருக்கே கஞ்சி காய்ச்சுகிறவன் நோன்பில்லாதவன் என்று எப்படிச் சொல்வது? அந்த முகங்களை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சாத்தூரிலிருந்து மச்சான் போன் செய்தார். கைருன்னிசாவின் அண்ணன், அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அவர் மகன் முஹ்சின் மூன்று வருஷமாக என் கடையில்தான் இருக்கிறான். பெருநாள் கழிந்ததும் அவனுக்கும் எங்கள் சனாவுக்கும் பேசி முடித்துவிடலாம் என்றார். சனா அந்த நேரம் பார்த்து அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் என்ன தேடினாள் என்று அவளுக்கே தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செப்டம்பர் 25, திங்கள்

டாக்டர் என்ன சொல்வது என்று நோன்பு பிடித்தேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு மாத்திரையும் போட்டேன்.

மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. சட்டை நனைந்துவிட்டது. குடோனின் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஆர்ட் பேப்பர் அடுக்குகிற அறை. தூசி வரக்கூடாது என்று எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி என்னிடமும் முஹ்சினிடமும் மட்டும். அங்கே பேப்பர் ரீம் அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்து, பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றேன்.

அழுதேனா? லேசாக. பிறகு வாயைத் துடைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். சாயங்காலம் பள்ளியில் எல்லாரோடும் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைத்தேன்.

செப்டம்பர் 27, புதன்

யோசித்துப் பார்த்தால் இதில் தப்பே இல்லை. நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு இருக்கிறது. விட்ட நாளுக்கு ஈடாக ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். கொடுத்துவிடப் போகிறேன். படைத்த ரப்புக்கு எல்லாம் தெரியும். என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டரைவிட அவனுக்குத் தெரியும். அவனிடம் நான் எதையும் மறைக்கவில்லை.

ஜனங்களிடம்தான் மறைக்கிறேன். ஜனங்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

செப்டம்பர் 29, வெள்ளி

முக்கு டீக்கடையில் நோன்பு மாதத்துக்கென்று வழக்கம்போலச் சாக்குப் படுதா கட்டிவிட்டார்கள். நோன்பில்லாதவர்கள் அதற்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடிக்கலாம். படுதா முழங்கால் வரைக்கும்தான். உள்ளே இருக்கிறவன் தலை தெரியாது, செருப்பு தெரியும். போன வருஷம் ஒரு செருப்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, பள்ளியில் எல்லாரும் கேட்க, "டீக்கு சீனி பத்துச்சா?" என்று கேட்டவன் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் அப்புறம் ராத்திரித் தராவீஹ் தொழுகைக்கே வரவில்லை.

இன்று அந்தப் பக்கம் போகாமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வந்தேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

அலுப்பு. லோடு வந்தது. பாதி லோடு.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. சாத்தூர் பஸ்ஸில் வந்த ஆள் ஒருத்தர் காராச்சேவு வாங்கி வந்து, "வீட்டுல நோன்பு தொறக்க வச்சுக்கிடுங்க பாய்" என்று கொடுத்தார். பொட்டலம் மேசைமேல் இருந்தது. வாசம் கடை முழுக்க. மதியம் அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன்.

பிஸ்கட் மருந்து மாதிரி. அதற்கு விலக்கு உண்டு, சரி. சேவுக்கு யார் விலக்கு கொடுத்தது? அதுவும் பூண்டு கடிபட, ரசித்து, கடைசித் தூள்வரை தட்டித் தின்றேன். வீட்டுக்குப் பொட்டலம் வரவில்லை.

பரவாயில்லை, எப்படியும் நோன்பில்லை. இல்லாத நோன்பை எதைத் தின்று முறித்தால் என்ன?

இப்படி எழுதியதைத் திரும்பப் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

ஜும்ஆத் தொழுகையில் இமாம் ஹஜ்ரத் பேசினார். "தொழுகையை நாலு பேரு பாப்பாக. தர்மத்தை வாங்குறவன் பாப்பான். நோன்பை ரப்பு ஒருத்தன்தான் பாக்குறான். பூட்டுன அறைக்குள்ள தண்ணியும் இருக்கு, ஆளும் இல்ல. அப்பவும் குடிக்காம இருக்கீகளே, அது யாருக்காக?" என்றார்.

முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களைவிட நன்றாகவே ஆட்டினேன்.

அக்டோபர் 9, திங்கள்

எழுத வேண்டும். எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் மச்சான் சாத்தூரிலிருந்து வந்திருந்தார். சனா விஷயமாகத்தான். கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். முஹ்சின் தள்ளி நின்று பண்டல் கட்டிக்கொண்டிருந்தான். அப்போது பிரஸ் வைத்திருக்கிற காளீஸ்வரன் பைக்கில் வந்து இறங்கினார். கையில் என்னிடம் வாங்கிய பேப்பர்.

"பாய், தப்பா எடுத்துக்கிடாதீக. ரீம் பூரா மூலையில எண்ணெய். மை ஒட்ட மாட்டேங்குது. மோந்து பாருங்க, சேவு வாசம்" என்றார். சிரித்துக்கொண்டே, "நோன்பு மாசத்துல பாய் குடோன்ல யாரு சேவு திங்கிறது?" என்று வேறு கேட்டார்.

பேப்பர்காரன் கை சும்மா இராது. ரீமைத் தொட்டால் மூலையைக் கட்டை விரலால் விசிறிப் பார்க்கும். முப்பது வருஷப் பழக்கம். அன்றைக்குத் தின்றுகொண்டே விசிறியிருக்கிறேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் என் விரல்.

மச்சான் முகம் செத்துப்போனது. உள் அறைச் சாவி யார் யாரிடம் என்று அவருக்குத் தெரியும். என்னை அவர் நினைக்கவே இல்லை. நேராக மகனைப் பார்த்தார்.

"ஏலே, நீயா?"

முஹ்சின் பண்டலை விட்டு நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கேட்கிற மாதிரி பார்த்தான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். திறந்து என்ன சொன்னேன்? "சின்னப் பய, விடுங்க மச்சான். பசி தாங்கலை போல. இது பெரிய விஷயமா?"

மன்னிக்கிற மாதிரிப் பேசிவிட்டேன். அவனை நான் மன்னித்தேனாம்! யா அல்லாஹ், என் வாய் எப்படி அப்படிப் பேசிச்சு? யாருய்யா உள்ளே இருந்து பேசினது?

காளீஸ்வரன் பேப்பரை வைத்துவிட்டு நைசாகக் கிளம்பினார். முஹ்சின் குனிந்து பண்டல் கட்டுகிற வேலையைத் தொடர்ந்தான்.

அக்டோபர் 10, செவ்வாய்

மச்சான் காலையிலேயே போன் செய்துவிட்டார். "நோன்பு விட்டதோட நிக்கலை, களவா தின்னுட்டு உங்க சரக்கையும் கெடுத்திருக்கான். அவனுக்கு உங்க பொண்ணைக் கேக்க எனக்கு முகம் இல்ல மச்சான். பேச்சை இத்தோட விட்டுருவோம்" என்றார். முஹ்சினைச் சாத்தூருக்கு வரச் சொல்லிவிட்டார்.

அவன் சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வந்தபோது கைருன்னிசா கூடத்தில் நிற்க வைத்துத் திட்டினாள். "உங்க மாமாவைப் பாருடா. பிரஷரோட ஒரு நோன்பு விடுறாகளா? வயசுப் பய உனக்கு என்ன கேடு?" அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். "வாறேன் மாமி" என்று மட்டும் சொன்னான். நான் செய்தித்தாள் படிப்பதுபோல் இருந்தேன்.

சனா சாப்பிட வரவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

கஞ்சிக்கு ஆள் நிறைய. "உங்க கடைப் பையனாமே பாய்" என்று இரண்டு பேர் கேட்டார்கள். விஷயம் பள்ளிவரை வந்துவிட்டது. "வயசுக் கோளாறு" என்றேன். மறுபடியும் நானே.

அக்டோபர் 13, வெள்ளி

சனாவின் கண் வீங்கியிருக்கிறது. சஹரில் எனக்கு இட்லி வைத்துவிட்டு, "அவரு அப்பிடிச் செய்யிற ஆளா அத்தா? நீங்கதான மூணு வருஷமா கூடவே பாக்குறீக?" என்றாள். "மனுச மனசை யாரு கண்டா" என்று சொன்னேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

கடை விடுமுறை இல்லை, சீசன். தனியாகவே சமாளித்தேன். லோடு இறக்குகிற சங்கையா இந்த மாதம் தண்ணீர் குடிப்பதென்றால்கூட என் கண்ணில் படாமல் தெருவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறார். "நீங்க காய்ஞ்சு கிடக்கும்போது உங்க முன்னாடி குடிக்க ஒரு மாதிரி இருக்கு முதலாளி" என்றார். 

உள் அறைக்குப் போனேன். தின்ன முடியவில்லை. கதவைச் சாத்தியும் முஹ்சின் அங்கேயே நின்று பார்ப்பதுபோல் இருந்தது. அவனுக்குத் தெரியும். அந்தப் பார்வையை வைத்துச் சொல்கிறேன், அவனுக்கு முன்பே தெரியும்.

பிறகு ஒன்று உறைத்தது. ரப்பு பார்க்கிறான், பார்க்கிறான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறேன். முதல் நாளிலிருந்து அந்த அறையில் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அப்போதெல்லாம் எனக்கு சேவு இறங்கியது. இருபத்து நாலு வயதுப் பையன் ஒருத்தன் பார்த்துவிட்டான் என்றதும் பிஸ்கட்கூட இறங்கவில்லை. அப்படியென்றால் இத்தனை வருஷமும் நான் பயந்தது யாருக்கு? ரப்புக்கு எல்லாம் தெரியும் என்று எழுதி வைத்தேனே, அது பயத்தில் எழுதியதில்லை. அவன் எப்படியும் வாய் திறந்து யாரிடமும் சொல்லமாட்டான் என்கிற தைரியத்தில் எழுதியது.

களைப்பாக இருக்கிறது. உடம்பு மட்டுமில்லை.

அக்டோபர் 16, திங்கள்

கைருன்னிசாவிடம் சொல்லிவிட்டேன். மருந்து, பிஸ்கட், சேவு, எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "நோன்பு விட்டதுக்கு நான் என்ன சொல்லப் போறேன்? சோறு பொங்கிக் குடுத்திருப்பேன். எங்க அண்ணன் மவனை என் வாயாலயே திட்ட வச்சிட்டீகளே. நோன்பு வாயோட திட்டுனேனே" என்றாள். அதற்குப் பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாளைக்கே சொல்லிவிட வேண்டும். எல்லாரிடமும்.

அக்டோபர் 17, செவ்வாய்

சொல்லவில்லை. கஞ்சி நேரத்தில் தொண்டைவரை வந்தது. மழை வந்துவிட்டது, எல்லாரும் அவசரமாக எழுந்துவிட்டார்கள் என்று எழுதலாம். உண்மை என்னவென்றால் பயம்.

அக்டோபர் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

பாங்குக்குச் சற்று முன்னால், எல்லார் முன்னாலும் கஞ்சிக் கோப்பை இருக்கிறது. எழுந்து நின்றேன்.  "எனக்கு சுகர். இந்த மாசம் நான் ஒரு நோன்புகூட பிடிக்கலை. முதல் நாள் பிடிச்சதையும் முறிச்சுட்டேன். உங்க கூட உக்காந்து நோன்பு திறந்தது எல்லாம் நடிப்பு. குடோன்ல தின்னது நான். முஹ்சின் இல்ல" என்றேன். இவ்வளவுதான். இதற்குமேல் பேசத் தெரியவில்லை.

நான் எதிர்பார்த்தது வேறு. கல்லெறி விழும் என்று நினைத்தேன். ஹஜ்ரத் நிமிர்ந்து பார்த்து, "சுகருக்கு விலக்கு இருக்கே பாய். இதை எதுக்கு மறைச்சீக?" என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பின்னால் இருந்து ஒருத்தர், "எனக்கும் சுகர்தான், நானும் இந்த வருஷம் பிடிக்கலை" என்றார். இன்னொருத்தர் என்ன மாத்திரை என்று விசாரித்தார். அவ்வளவுதானா? எந்த முகங்களுக்கு இந்தப் பாடு பட்டேனோ அந்த முகங்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

பிறகு ஒருத்தர், யாரென்று பார்க்கவில்லை, மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்தப் பையன்?"

 பாங்கு சொன்னார்கள். எல்லாரும் கோப்பையை எடுத்தார்கள். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை. ரப்பு அனுமதித்த ஒன்றை மறைக்கப் போய், அவன் எங்கேயும் அனுமதிக்காத ஒன்றைச் செய்துவிட்டு நின்றேன்.

அக்டோபர் 19, வியாழன்

சாத்தூர் போனேன். பஸ்ஸில் பட்டாசு வாங்க வந்த கூட்டம், நின்றுகொண்டே பயணம்.

மச்சான் கடையில் இருந்தார். ஆட்கள் இருக்கும்போதே சொன்னேன். அவர் கையில் இருந்த அலுமினியப் போணியைக் கீழே வைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கு 'விடுங்க மச்சான்'னு சொன்னீகளே. அதை யாரு கேட்டா உங்ககிட்ட?" என்றார்.



"வீட்டுக்கு வந்து அவனை அடிச்சேன். தோளுக்கு மேல வளந்த பயலை. நோன்போட இருந்தான். ஒரு வார்த்தை சொல்லலையே, இந்தப் பய ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். பிறகு வாடிக்கையாளரிடம் திரும்பி விலை சொல்ல ஆரம்பித்தார். குரல் உடைந்திருந்தது.

முஹ்சின் பள்ளிவாசலிலிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மாத்திரை போட்டீகளா மாமா? சாப்பிட்டீகளா?"

நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே. உள் ரூமைத் தொறந்தேன், நீங்க சாய்ஞ்சு கிடந்தீக. கையில பிஸ்கட். சட்டைப் பையில மாத்திரை. சத்தம் காட்டாம சாத்திட்டுப் போயிட்டேன்."

"ஏன்டா யார்கிட்டயும் சொல்லலை?"

"நோன்பு உங்களுக்கும் ரப்புக்கும் உள்ளது. இடையில நான் யாரு? ஆனா அன்னைக்குக் கடையில நடந்தது அப்படி இல்ல மாமா. அது உங்களுக்கும் எனக்கும்."

மன்னித்துவிடு என்றேன். அவன் தலையாட்டவில்லை. "பஸ் வந்துரும்" என்றான்.

அக்டோபர் 21, சனி

தீபாவளி. நாடு முழுக்க வெடிக்கிறதாம். இங்கே விற்றவர்களுக்கு வெடிக்கத் தெம்பில்லை. சனா மதியம் எனக்குச் சோறு போட்டாள். பேசவில்லை. போட்டாள்.

அக்டோபர் 25, புதன்

பெருநாள். புதுச் சட்டை. நிறையப் பேர் கட்டித் தழுவினார்கள், நானும் தழுவினேன். சாத்தூரிலிருந்து யாரும் வரவில்லை.

சனா மாலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவரு செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும். நான் அழுததும் தெரியும். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு எப்படி அத்தா சாப்பிட்டீக?" என்று கேட்டாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றேன். அது உண்மை.

டிசம்பர் 10, ஞாயிறு

சனா நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மச்சானே நவம்பரில் வந்து பேசினார். "பொண்ணு என்ன செஞ்சா, பாவம்" என்றார். முஹ்சின் சம்மதித்தான். ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தான்: இனிமேல் மாமா கடைக்கு வேலைக்கு வரமாட்டான். சாத்தூரில் அப்பா கடையைப் பார்த்துக்கொள்வான்.

நிக்காஹ் மஜ்லிஸில், எல்லாரும் கூடியிருந்த இடத்தில், எனக்கு ஸலாம் சொன்னான். கை கொடுத்தான். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும்தான்.

2007 செப்டம்பர் 17, திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. மதியம் கடையில் மேசைமேல் வைத்தே சாப்பிட்டேன். கைருன்னிசா கொடுத்துவிட்ட சப்பாத்தி. புதிதாக வந்த பிரஸ்காரர் ஒருத்தர் பார்த்துவிட்டு, "என்ன பாய், நோன்பு இல்லையா?" என்றார்.

"இல்லைங்க. சுகர்."

"அப்படியா, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ரேட் விசாரித்தார். அவ்வளவுதான். போன வருஷம் இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியாமல் எத்தனை பேரை அழ வைத்தேன்.

ஹஜ்ரத்திடம் ஒருநாள் கேட்டேன். மனம் வருந்தித் தவ்பா செய்தால் ரப்பு மன்னிப்பான் பாய், உங்க மனசு அவனுக்குத் தெரியும் என்றார். நம்புகிறேன். நான் எவ்வளவு வருந்துகிறேன் என்று பார்க்க அவனால் முடியும். முஹ்சின் பார்த்தது அன்றைக்கு என் முகத்தை மட்டும்தான்.

சாயங்காலம் சனாவை விட்டுவிட்டுப் போக வந்தான். மாசமாக இருக்கிறாள், இனிப் பேறுகாலம்வரை இங்கேதான். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "சாப்பிட்டீகளா மாமா, சுகர் எப்படி இருக்கு?" என்று விசாரித்தான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "உள்ள வாப்பா, உக்காரு" என்றேன்.

"இருக்கட்டும் மாமா, இன்னொரு நாள் வாறேன்" என்றான். கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சொல்கிறான். இன்றும் வாசலோடு போய்விட்டான்.